பன்னிரண்டு இலக்கம்

கரண்ட் போய் வந்ததில்
எடைமேடைக் கணினிக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது,
லாரிகளின் இலக்கம், வெற்றெடை, ஈயமா துத்தநாகமா என்பது.
இன்றைக்கு என்ன நாள் என்பது மட்டும் போய்விட்டது.

கெரின் கண்ணாடியைத் தட்டி ரசீதை நீட்டினாள்.
"இஸ்ஸி, இதன்படி நான் இன்னும் பிறக்கவே இல்லை.
அப்போ இந்த நாற்பத்திரண்டு டன்னை யார் ஓட்டி வந்தது?"
1970 ஜனவரி 1, வியாழன், காலை 9:41.
வெளியே ஜூலை இருட்டு.
பேசப் பேச அவள் வாயிலிருந்து புகை.

உள்ளே ஒரு வட்டப் பற்றரி,
இரண்டு டாலர்க் காசளவு.
அது செத்தால் இயந்திரம்
பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்கும்.
கிரீன்விச்சில் அப்போது நள்ளிரவு,
புரோக்கன் ஹில்லில் ஒன்பதரை.
அந்த அரையைக் கவனியுங்கள்.

கறுப்புத் திரையில் டேட் என்று அடித்தேன்.
யார் கேட்டாலும் சொல்லும்,
தப்பென்றாலும் தயங்காமல் சொல்லும்.
மாற்றப் போனால்தான்
நீ யார் என்று கேட்கும்.
அனுமதி இல்லை.
நேரத்தைப் பார்க்க எல்லாருக்கும் உரிமை,
வைக்க ரூட் ஒருவருக்கே.

இதை நான் கணினி படிக்க முன்னரே படித்தேன்.
தொண்ணூற்றாறில் கொழும்பு மணிக்கூட்டை முன்னே தள்ளியது,
நாங்கள் தள்ளவில்லை.
ஓமந்தையில், சோதனைக்கு நிற்கும் வரிசையில்,
அப்பா திருகை இழுத்து
அரைமணி கூட்டுவார்.
வரும்போது கழிப்பார்.
முள் கடைசிவரை நன்றாகத்தான் ஓடியது,
தேய்ந்து கழன்றது திருகு.

நான் பிறந்தது அக்கராயன் ஆஸ்பத்திரியில்,
எங்களுக்கு நாலு பத்து,
அரசாங்கத்துக்கு நாலு நாற்பது.
ஆகவே இசைவாணிக்கு இரண்டு சாதகம்,
ஒன்றில் கன்னி லக்கினம், மற்றதில் துலாம்.
நோர்வேயிலிருந்து வந்த சம்பந்தம்
எதைப் பார்த்து ஓடியதென்று
இன்றுவரை தெரியாது.

கடவுச்சொல்லைக் கொடுத்தேன்.
நேர வலயங்களின் பட்டியல் ஓடியது.
ஆஸ்திரேலியாவின் கீழே
புரோக்கன் ஹில், தனிப் பெயராக.
பதினேழாயிரம் பேர், நடுவில் ஒரு கசடுமலை,
வரி சிட்னிக்கு, மணி அடிலெய்டுக்கு.
வில்கேனியாப் பக்கம் ஓடினால்
வழியில் அரைமணி தொலையும்.
யாரும் பையைத் திறக்கச் சொல்வதில்லை.

ஆசியாவின் கீழே கொழும்பு.
அது எத்தனை தரம் மனம் மாறியது என்பதெல்லாம்
கோப்பில் இருக்கிறது.
கிளிநொச்சி இல்லை.
இருக்காது என்று தெரிந்தும்
மேலும் கீழுமாக இரண்டு தரம் உருட்டினேன்.

கெரின் எஞ்சினை அணைக்கவில்லை.
"உன் போனில் என்ன மணி?"
"ரெண்டு நாற்பத்தேழு.
டவர் பொய் சொல்லாவிட்டால்."

மாதம், நாள், மணி, நிமிஷம், கடைசியில்தான் வருஷம்.
இடைவெளி இல்லாமல்
071902472023.
என்டரில் விரல் கொஞ்சம் நின்றது.
ஒரு நாட்டின் நேரத்தை மாற்றியவர்களும்
இப்படி ஒரு விரலால்தான் மாற்றியிருப்பார்களோ.
குளிராகவும் இருக்கலாம்.

அழுத்தினேன்.
உள்மணிக்கும் எழுதி வைத்தேன்,
பற்றரி செத்திருக்க எழுதியென்ன என்று தெரிந்தே.
கடை எட்டரைக்குத்தான் திறக்கும்.

புது ரசீது வந்தது. ஜூலை 19, புதன்.
கெரின் பழையதைத் தரவில்லை,
வயசு கேட்கிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம்.

அவள் போனபின் பதிவேட்டைத் திறந்தேன்.
ஒரு வரி எழுபது, அடுத்த வரி இருபத்துமூன்று.
நடுவில் ஐம்பத்துமூன்று வருஷம்,
ஒரு லாரி தராசில் நின்ற நேரம்.

திருத்தலாம். இப்போது நான்தானே ரூட்.
அப்படியே விட்டுவிட்டு
கேத்திலைப் போட்டேன்.